டயரின் கன்னம்

மனிதருக்குக் கன்னம் வீங்கினால் பல்வலி என்று சொல்லிவிடலாம். டயருக்கு வீங்கினால் அப்படி லேசாக எண்ணுவதற்கில்லை. சாலைப் பள்ளத்தில் மோதியதில் என் கார் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துவிட்டது.

"காற்றுத்தான் இறங்கவில்லையே, ஓடுகிறவரை ஓடட்டும்" என்றார் நண்பர்.

பஞ்சர் கடைப் பெரியவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "தரையில் படுகிற பாகத்தில் ஆணி ஏறினால் ஒட்டித் தருவேன், சார். இது உள்ளே நூல் அறுந்த வீக்கம். ஒட்டுக்கு அடங்காது."

தேய்மானத்துக்காவது ஒரு கணக்கு உண்டு: பள்ளக்கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். நூல் அறுந்தது எப்போது வெடிக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை.

மறுநாள் பேத்தியுடன் திருச்சிக்குப் போவதாக ஏற்பாடு. புது டயரின் விலை கசந்தது, வாங்கிவிட்டேன். சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால், பின் ஸீட்டில் தூங்கும் குழந்தையின் பேரில் அதற்குப் பற்று எழுதலாமோ?