காணாப் பகை

இரசாயன சாஸ்திரம் பயிலும் மாணாக்கர்க்கு முதலாண்டிலேயே சில அச்சங்கள் எளிதிற் படிந்துவிடுகின்றன. கந்தகத் திராவகம் சுடும். அம்மோனியா மூச்சை அடைக்கும். சோடியம் நீர் பட்டால் தீப்பற்றும். இவை தம் தீமையை அக்கணமே காட்டி நம்மைத் திருத்திவிடும் வெளிப்பகைவர். இன்று தீண்டிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாய் வெளிப்படும் உட்பகைவரும் நம் சோதனைச்சாலை அலமாரியில் உளர். அவரைப் பற்றியே யான் ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

இவ்வுண்மையை உலகம் அறிந்த வரலாறு நீண்டது. 1775ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து அறுவை வைத்தியர் பெர்சிவல் பாட் என்பார், இளவயதிலேயே புகைக்கூண்டு துடைக்கும் தொழிலிற் புகுந்தவர்க்கு விதைப்பையிற் புற்று உண்டாதலைக் கண்டு, தோலிற் படியும் புகைக்கரியே அதற்குக் காரணம் என்று எழுதினார். 1895இல் ஜெர்மனி தேசத்து லூத்விக் ரேன் என்பார் சாயத் தொழிற்சாலை ஆட்களிடத்துச் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டுரைத்தார். 1915இல் ஜப்பானியராகிய யமகிவா, இச்சிகாவா இருவரும், முயலின் காதில் நிலக்கரித் தாரைப் பல மாதம் விடாது பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். 1933இல் இலண்டன் ஆராய்ச்சியாளர் அத்தாரின் கீலிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்துக் குற்றவாளியின் பெயரையே கூறிவிட்டனர். இவ்வரலாற்றில் முதலில் நோயுற்றவர் பிறர்க்காக அழுக்கைத் துடைத்த சிறுவரும் கூலியாளருமே என்பதை நண்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

யான் பயின்ற சோதனைச்சாலை ஒன்றிற் கையிற் பட்ட பிசினைப் பென்சீனாற் கழுவுதல் அன்றாட வழக்கம். கண்ணாடிக் கலங்களைத் துலக்கப் பொட்டாசியம் டைக்குரோமேட்டும் கந்தகத் திராவகமும் சேர்ந்த செந்நிறக் கலவை ஒரு தொட்டியில் நிரம்பியிருக்கும். கலங் கழுவும் பெரியவர் ஒருவர் அதனருகிலேயே நாள்தோறும் நிற்பார். பென்சீனும் அறுவலுக் குரோமியமும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என ஐயமின்றித் தெளிந்தவற்றின் வரிசையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் வைத்துள்ளனர். எச்சரிக்கை சொன்னவர்க்கு அங்கே கிடைத்த மறுமொழி, “இத்தனை ஆண்டாய்ச் செய்கிறோம், என்ன ஆகிவிட்டது?” என்பதே.

இம்மறுமொழி காதுக்கு நியாயமாய்த் தோன்றினும் அறிவுக்குப் பொருந்துவதன்று. பென்சிடின் முதலிய பொருள்களைக் கையாண்டவர்க்கு நோய் இருபது ஆண்டுக்கும் மேற்பட்டுத் தோன்றுதல் உண்டு. ஆகவே இன்று நலமாயிருத்தல் நேற்றைய வழக்கம் நல்லது என்பதற்குச் சான்றாகாது. அனுபவம் நல்லாசான் என்பர். இத்துறையிலோ அவ்வாசான் பாடஞ் சொல்ல வருவதற்குள் மாணாக்கன் பிணியாளனாய் விடுகிறான்.

நிற்க, பயமுள்ளவர் கையுறை அணிந்தாற் போதுமே என்று சிலர் கருதலாம். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான் அம்மையார், குரோமியம் உயிரணுக்களைக் கெடுக்கும் வகையை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அவர் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்னும் நஞ்சை முறைப்படி புகைபோக்கிப் பெட்டியினுள்ளேயே கையாண்டார், கையுறையும் அணிந்திருந்தார். சில துளிகள் கையுறைமேற் சிந்தின. அந்த ரப்பர் உறையை அத்திரவம் சில நொடிகளிலேயே ஊடுருவும் என்பது பின்னரே சோதித்தறியப்பட்டது. சில மாதம் கழித்து நோய் தலைகாட்டியது; 1997 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். அது புற்றுநோயன்று, எனினும் எவ்வுறை எப்பொருளை எத்துணை நேரம் தடுக்கும் என்று முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் பாடத்தை உலகம் அவர் உயிரை விலையாகக் கொடுத்தே கற்றது. நம் கல்லூரிகளில் வழங்கும் மெல்லிய நைட்ரைல் உறையும் பென்சீனைச் சில நிமிஷமே தாங்கும்.

ஆதலின் முதற்கண் வினவவேண்டியது, இப்பொருள் இன்றியமையாததா என்பதே. பென்சீன் செய்யும் வேலையைப் பெரும்பாலும் தொலுயீன் செய்யும். குரோமியத் தொட்டி செய்வதைச் சவர்க்கார நீரும் பொறுமையும் செய்யும். மாற்றில்லையாயின், வேண்டிய சிற்றளவே எடுத்தல் வேண்டும். புகைபோக்கிப் பெட்டியின் கதவைத் தாழ்த்தி, கலத்தை அரையடி உள்ளே தள்ளிவைத்து, தலையை வெளியே நிறுத்தல் வேண்டும். நுண்பொடியைத் திறந்த தராசில் தூவி நிறுத்தலாகாது. மூடிய குப்பியை முதலில் நிறுத்து, பெட்டியினுள்ளே பொடியிட்டு மூடி, மறுபடியும் நிறுத்துக் கழித்தறிதல் நன்று. பிப்பெட்டை வாயால் உறிஞ்சுதல் அறவே ஒழிக. உறையணிந்த கை கதவுப் பிடியையும் ஏட்டையும் தீண்டலாகாது. ஏனெனில் அடுத்து அவற்றைத் தீண்டுவோர் உறையில்லாக் கையினர்.

கழிவு நீர்த்தொட்டியில் ஊற்றற்பாலதன்று. அதற்குரிய குப்பியிற் சேரவேண்டும். அக்குப்பியின் மேல் ஆங்கிலச் சுருக்கெழுத்து மட்டும் பொறித்தல் நம் வழக்கம். அதனை நாடோறும் தூக்கிச் செல்லும் ஊழியர்க்கு அவ்வெழுத்துகளால் யாது பயன்? என்னிடம் பயிலும் மாணாக்கரை யான், “புற்றுநோய் விளைப்பது; வெறுங்கையாற் தொடாதீர்” என்று தமிழிலும் எழுதுமாறு பணிக்கின்றேன். கால் நிமிஷ வேலை அது. செந்நிறத் தொட்டியருகில் நின்ற அப்பெரியவர்க்கு ஒருவரும் அத்துணைச் சொல்லவில்லை.

ஆராய்ச்சியால் வரும் பட்டமும் புகழும் நமக்கே உரியன. அதனால் வரும் தீங்கு மாத்திரம் கலங் கழுவுவோர்க்கும் தரை துடைப்போர்க்கும் பங்காதல் முறையோ? நம் சோதனைச்சாலையில் நுழையும் அன்பர் ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, இதன் பின் இங்கே கை வைப்பவர் யார் என்று எண்ணிப்பார்ப்பாராக.