தாழ்த்திய காரின் நான்கு சத்தங்கள்

திங்கள்

காலையில் பட்டறைக்கு ஒரு ஸ்விஃப்ட் வந்தது, 2018 மாடல். 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கை நான்கு சக்கரத்துக்கும் வேறோர் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வண்டிக்காரத் தம்பிக்கு செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பழக்கம். "ஸ்பிரிங் மாத்துனதுல இருந்து முன்னாடி சத்தம் வந்துட்டே இருக்குதுங்கண்ணா. ஸ்ட்ரட் போயிருச்சுன்னு சொல்றாங்க. ரெண்டையும் புதுசா போட்டுருங்க" என்றார்.

வண்டியைத் தாழ்த்தும் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனின் ஊர் இது. எடை தரைக்கு நெருங்கினால் வளைவில் வண்டி சாய்வது குறையும்; வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் விழும் பாரமும் குறையும். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்ட்ரட்டைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

எப்போது வருகிறது, எந்த வேகத்தில், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் ஒடித்திருக்கும்போது, பிரேக் மிதித்தால் மாறுகிறதா என்று கேட்டேன். பிறகு அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேடியோ, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தோம். திரும்பி வருவதற்குள் ஒரே புகாருக்குள் நான்கு சத்தங்கள் இருப்பது தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கம்பி அறுந்ததுபோல் ஒரு 'டொய்ங்'. சிறு மேடுபள்ளங்களில் இடதுபக்கம் 'டொக் டொக்'. மெதுவாக வேகத்தடை ஏறும்போது ஒரு முனகல். வேகமாக ஏறினால் 'தட்' என்று ஓர் இடி. நான்குக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

செவ்வாய்

முதலில் 'டொய்ங்'. பட்டறைப் பையனை உள்ளே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை மெதுவாக ஒடிக்கச் சொன்னேன். சக்கர வளைவுக்குள் கைவிட்டு இடது ஸ்பிரிங்கின் மேல் விரல்களை வைத்தேன். ஸ்பிரிங் சக்கரத்தோடு சீராகத் திரும்பவில்லை. சற்று நேரம் முறுக்கேறி நின்றது, பிறகு துள்ளித் திரும்பியது. அந்தத் துள்ளல்தான் சத்தம்.

இதன் காரணம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இந்த முறை, 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஓடிய ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் தூண் ஆகிய மூன்றும் ஒரே உறுப்பாகிவிட்டன. ஸ்டீயரிங் ஒடித்தால் அந்தத் தூண் முழுவதும் திரும்ப வேண்டும். மேலே டாப் மவுண்டுக்கு அடியில் இருக்கும் பேரிங்தான் அதற்கு வழிவிடுகிறது. பேரிங் இறுகினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸரை இருபுறமும் சமமாக இறுக்கி ஸ்ட்ரட்டைப் பிரித்தோம். இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். உள்ளே இரண்டு காரணங்கள் கிடைத்தன. பழைய பேரிங்கையே திரும்ப மாட்டியிருந்தார்கள். மண் புகுந்து சொரசொரத்துக் கிடந்தது. ஸ்பிரிங்கின் கீழ்முனை, அடித்தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் முட்டி நிற்காமல் விலகியிருந்தது. அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது.

புதுப் பேரிங் போட்டு, ஸ்பிரிங் முனையைப் படியில் உட்கார வைத்தோம். மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் அடிக்க விடவில்லை. கன் சுழற்றும்போது உள்ளிருக்கும் ராடும் சேர்ந்து சுழன்று ஆயில் சீலைக் கெடுக்கும், நட்டும் முழுதாக இறுகாது. ராடு அசையாமல் பிடித்துக்கொண்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். வலதுபக்கமும் இதே வேலை.

புதன்

'டொக் டொக்' எளிதில் பிடிபட்டது. ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு இரண்டையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினேன். சத்தம் இல்லை. வண்டி தாழ்ந்ததால் லிங்க் ராடின் கோணம் மாறியிருக்கிறது. இடது மூட்டு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. புது ஜோடி போட்டாயிற்று.

முனகலுக்குத்தான் நேரம் பிடித்தது. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வண்டியை அமுக்கி அமுக்கி விட்டோம். முனகல் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தது. இடம் தெரிந்துவிட்டது. ஆயில் அடித்தாலும் அடங்கும், ஆனால் ஆயில் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

புஷ் வழுக்கிச் சுழலும் பாகம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. போல்ட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்த உயரத்தில் இருந்ததோ அதுவே ரப்பருக்கு ஓய்வுநிலை. ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்கம் ஏறத்தாழ 5 டிகிரி முறுக்கு. வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் பிழிந்த ஈரத்துணிபோல முறுகியே கிடக்கிறது. முதலில் முனகும், பிறகு கிழியும்.

நல்லவேளையாக இன்னும் கிழியவில்லை. நான்கு சக்கரமும் பாரம் தாங்கும்படி ராம்ப்பில் நிறுத்தி, முன்னால் ஆர்ம் போல்ட்டுகளையும் பின்னால் டார்ஷன் பீம் போல்ட்டுகளையும் தளர்த்தினோம். வண்டியை அமுக்கி அதன் புது உயரத்தில் அமரவிட்டு, அதே நிலையில் இறுக்கினோம். பாகம் எதுவும் வாங்கவில்லை. முனகல் போய்விட்டது. சக்கரம் அந்தரத்தில் தொங்க இந்த போல்ட்டுகளை இறுக்கக் கூடாது என்பதைப் பையன்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வியாழன்

மிச்சம் அந்த இடி. ஷாக் அப்சார்பர் ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு வேகத்தடை மேல் ஓட்டினோம். ராடு எதுவரை உள்ளே போகிறதோ அதுவரை டை தள்ளப்பட்டு நின்றுவிடும். வந்து பார்த்தால் கடைசி எல்லையில் நின்றது.

டஸ்ட் கவரை ஏற்றிப் பார்த்தேன். பம்ப் ஸ்டாப்பர் இல்லை. அமுங்கும் இடம் கூடட்டும் என்று முழுதாகவே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஸ்டாப்பர் வெறும் முட்டுக்கட்டை இல்லை. அமுங்க அமுங்கக் கடினமாகிக்கொண்டே போகும் இரண்டாவது ஸ்பிரிங் அது. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பை அடிக்கும். முதலில் ஷாக் சாகும், பிறகு டாப் மவுண்ட்.

ஸ்பிரிங்கோடு வந்த தாளில் சொன்ன நீளத்துக்கு வெட்டிய ஸ்டாப்பர்களை மாட்டினோம். தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்வதும் மிச்சமிருக்கும் குறைந்த தூரத்துக்குள் வண்டியைத் தாங்கத்தான். கம்பியின் தடிமன் 12 மி.மீ.யிலிருந்து 13 ஆனால், மற்றதெல்லாம் மாறாதபோது, கடினம் சுமார் 38 சதவீதம் கூடும். தடிமனின் நான்காம் மடிக்கு ஏற்ப அது ஏறுகிறது.

இடி இப்போது மெத்தென்ற ஒரு முட்டலாகக் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 நெறிமுறை, மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வேகத்தடையைச் சொன்னது. நம் தெருக்களில் இருப்பது பெரும்பாலும் குறுகலான, செங்குத்தான திண்டு. இந்த மாடலின் தரை இடைவெளி 163 மி.மீ.; அதில் 30 போய்விட்டது. இனி வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

வெள்ளி

வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தையும் சரிசெய்தோம். பின் சக்கரங்களைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தது. அது தளர்ந்திருந்தால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது தன் அடித்தட்டை விட்டு விலகும்.

தம்பியிடம் சட்டத்தையும் சொன்னேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அவர் வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எது எந்தச் சக்கரத்துடையது என்று எழுதி டிக்கியில் வைத்துக் கொடுத்தேன். "டிராக்குக்கு இது, ரோட்டுக்கு அதுங்களாண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பில்லில் பேரிங், லிங்க் ராடு, ஸ்டாப்பர், கூலி மட்டும். ஸ்ட்ரட்டில் ஆயில் கசிவு இல்லை, இரண்டும் பழையவையே. அவர் கேட்டபடி புதிது போட்டிருந்தால் பெருந்தொகை ஆகியிருக்கும், பழைய பேரிங்கோடும் முறுகிய புஷ்ஷோடும் சத்தம் பெரும்பாலும் அப்படியே இருந்திருக்கும். இனி சத்தம் என்று வரும் எந்த வண்டியையும், ஓட்டுபவரின் சொந்த வார்த்தையில் புகாரை ஜாப் கார்டில் எழுதி, அவரோடு ஒரு சுற்றுப் போய் வந்த பிறகே ராம்ப்பில் ஏற்ற வேண்டும் என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.