கூரை வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட், தோளில் கவசத்தோடு முட்டி மோதுகிற ஆட்டம். இதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். செப்டம்பரில் ஆரம்பித்து பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியோடு முடியும். அதாவது ஆரம்பிக்கும்போது வெயில் மண்டையைப் பிளக்கும், முடியும்போது பனி கொட்டும். ஆட்டம் வாரத்துக்கு ஒன்றுதான். மீதி நாட்களில் நடப்பதுதான் உண்மையான வேலை: பயிற்சி.

அந்தப் பயிற்சியைத் திறந்த வெளியில் நடத்துவதா, கூரைக்கு அடியில் நடத்துவதா? கேட்பதற்கு சின்னக் கேள்வி. ஆனால் இதற்குப் பின்னால் கோடிக்கணக்கான டாலரும், ஒரு மனிதனின் முதுகெலும்பும் இருக்கின்றன.

முதலில் 'வேண்டாம்' கட்சியின் வாதத்தைப் பார்ப்போம்.

இந்தக் கட்சிக்கு மானசீகத் தலைவர் என்று பட் கிராண்டைச் சொல்லலாம். மினசோட்டா வைகிங்ஸ் அணியின் பழைய பயிற்சியாளர். மினசோட்டா குளிர் லேசுப்பட்டது இல்லை. ஆனாலும் ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் ஹீட்டர் வைக்கவே கூடாது என்று கறாராக இருந்தவர். எதிரணி அந்தப் பக்கம் குளிர் காய்ந்துகொண்டிருக்கும், இவருடைய ஆட்கள் இந்தப் பக்கம் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். குளிரை நினைப்பவன்தான் நடுங்குவான் என்பது அவர் கணக்கு. 1970-க்கும் 1977-க்கும் இடையில் அந்த அணி நான்கு சூப்பர் பௌல்களில் ஆடியது. நான்கிலும் தோற்றது என்பது வேறு விஷயம். அந்த நான்கும் நடந்தது நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், பாசடீனா என்று பனிக்குப் பேர் போகாத ஊர்களில் :-)

சமீபத்திய உதாரணம் சின்சினாட்டி பெங்கால்ஸ். ஒஹையோ நதிக்கரையில் இருக்கிற அணி. ரொம்ப வருஷமாக இவர்களுக்கு சொந்தமாக உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் கிடையாது. வானிலை மோசமானால் அதே ஊரில் இருக்கும் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கூடாரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுப்பார்கள். கோடிகளில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்கள், கல்லூரிப் பையன்களின் இடத்தை இரவல் வாங்கி! ஆனால் 2022 ஜனவரி 30 அன்று இதே அணிதான் கான்சாஸ் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 27-24 என்று வீழ்த்தி சூப்பர் பௌலுக்குப் போனது. அங்கே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 20-23 என்று தோற்றது. அந்த மூன்று புள்ளி கூரை இல்லாததால் போனதா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூரை இல்லாமலே அவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் கேஸ் முடிந்ததா? இல்லை. அதே 2022-ல் பெங்கால்ஸ் அணி சொந்தமாக ஓர் உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் அமைத்துக்கொண்டது. ஏன்?

இங்கேதான் காமர்ஸ் பாடம் உள்ளே வருகிறது. 1994 முதல் என்.எஃப்.எல்.லில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம், எல்லா அணிக்கும் ஒரே வரம்பு. ஆனால் கட்டடம், உடற்பயிற்சிக் கூடம், சாப்பாடு இதெல்லாம் அந்த வரம்புக்குள் வராது. சம்பளத்தில் போட்டி போட முடியாதபோது வசதியில் போட்டி போட வேண்டியதுதான். 2023-ல் ஆட்டக்காரர்கள் சங்கம் தன் உறுப்பினர்களிடமே கேட்டு ஒவ்வோர் அணியின் வசதிகளுக்கும் ஸ்கூல் ரேங்க் கார்டு மாதிரி மார்க் போட்டு வெளியிட்டது. அதற்கு அப்புறம் எந்த முதலாளிக்கும் "கூரையெல்லாம் எதுக்கு?" என்று கேட்பது சுலபமாக இருந்திருக்காது.

ஆனால் இது எல்லாம் வெற்றி, பெயர், ஆள் பிடிப்பது பற்றிய பேச்சு. கூரைக்கு ஆதரவான பலமான வாதம் இது இல்லை. பலமான வாதம் உயிர்.

2001 ஜூலை 31. அதே வைகிங்ஸ் அணியின் கோடைப் பயிற்சி முகாம், மினசோட்டாவில் மன்கேட்டோ என்கிற ஊர். கொளுத்தும் வெயிலும் புழுக்கமும். 27 வயது கோரி ஸ்ட்ரிங்கர் மைதானத்தில் துவண்டார். மறுநாள் அதிகாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காரணம், வெப்பத் தாக்கு. குளிருக்குப் பேர்போன மாநிலத்தில் ஒரு ராட்சச உருவத்தை வெயில் கொன்றது. அவர் பெயரால் 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: வெப்பத் தாக்கு வந்தவரை உடனே, அங்கேயே, பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு. ஒரு தொட்டியும் கொஞ்சம் ஐஸ் கட்டியும் எவ்வளவு ஆகும்? ஏ.சி. கூரையின் விலையில் தூசு. ஆக, வெயிலுக்குக் கூரை நல்லதுதான். ஆனால் அது இருக்கிறது என்பதற்காகத் தொட்டியை மறந்துவிடக் கூடாது.

இடி மின்னல் அடுத்த பிரச்சினை. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது என்பது அமெரிக்காவில் பொது விதி. ஒவ்வோர் இடிக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். ஃப்ளோரிடா மாதிரி மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் ஒரு மதியப் பயிற்சி முழுக்க இதிலேயே கரைந்துவிடும். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி 2017-ல் கூரை போட்ட பயிற்சி மைதானம் கட்டியது ஆச்சரியம் இல்லை.

சரி, கூரை வேண்டும் என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கு முன் டெக்சாஸுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

டல்லாஸ் கௌபாய்ஸ். லீக்கின் பெரிய பணக்கார அணிகளில் ஒன்று. 2003-ல் இர்விங் என்ற ஊரில் தங்கள் பயிற்சி வளாகத்தில் ஓர் உள்ளரங்கம் போட்டார்கள். இரும்புச் சட்டங்களின் மேல் துணி போர்த்திய பெரிய கூடாரம். செலவு சுமார் 40 லட்சம் டாலர். 2009 மே 2, சனிக்கிழமை மதியம். புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி. வெளியே இடியோடு மழை. மழைக்குப் பயந்து உள்ளே இருந்தவர்கள் சுமார் 70 பேர். விளக்குகள் ஆடின. சில நொடிகளில் மொத்தக் கூடாரமும் அவர்கள் மேலேயே சாய்ந்தது.

12 பேருக்குக் காயம். பயிற்சியாளர்களில் ஒருவரான ஜோ டிகாமிலிஸுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கழுத்துப் பட்டையோடு அந்த மாதமே மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்த்த 33 வயது ஊழியர் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதுகெலும்பு உடைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவர் பந்தைத் தொட்டு ஆடுபவர்கூட இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தவர்.

புயல் அவ்வளவு பெரியதா? அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் விசாரித்தது. அன்று அடித்த காற்று மணிக்கு 55 முதல் 65 மைல். அந்தப் பகுதியில் ஒரு கட்டடம் தாங்க வேண்டும் என்று தேசியத் தர விதிகள் சொன்ன வேகம் 90 மைல். பரீட்சையில் 90-க்குத் தயாராக இருக்க வேண்டியது, 65-க்கே விழுந்துவிட்டது. கதவுகளும் காற்றுத் திறப்புகளும் உள்ள கட்டடத்தை முழுக்க மூடிய கட்டடமாகக் கணக்கிட்டது, இரும்புச் சட்டங்களைத் துணியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியது என்று வடிவமைப்புக் கணக்கின் ஓட்டைகள் வெளியே வந்தன.

இதில் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. அதே 2009-ல், அதே அணிக்காக, 100 கோடி டாலருக்கு மேல் செலவில் ஒரு பிரம்மாண்ட ஸ்டேடியம் திறக்கப்பட்டது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். ஸ்டேடியம் டிக்கெட் விற்கும், டி.வி.யில் தெரியும், அது 'வருமானம்'. பயிற்சிக் கூடத்தை யாரும் பார்ப்பதில்லை, அது 'செலவு'. ஆனால் ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் வருஷத்தில் அதிக நாள் இருப்பது அந்தச் 'செலவு'க்கு அடியில்தான்.

கௌபாய்ஸ் அணி பிறகு பாடம் கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 2016-ல் ஃபிரிஸ்கோ என்ற ஊரில் புதிய வளாகத்துக்கு மாறியது. அங்கே இருப்பது 12,000 பேர் உட்காரக்கூடிய நிஜக் கட்டடம். நகராட்சியும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமும் பங்கு போட்டன. பள்ளி அணிகளும் அதில் ஆடுகின்றன. சும்மா கிடக்கும் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. பகிர்ந்துகொண்டால் அந்தச் சுமை குறையும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு ஒரே பயிற்சி வளாகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அப்படிப் பகிர்ந்துகொண்டே 2006-லும் 2009-லும் சூப்பர் பௌல் ஜெயித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளரங்கம் என்றால் பெரும்பாலும் செயற்கைப் புல்தான். அதில் யாரும் மோதாமலே கால் பகுதியில் ஏற்படும் காயங்கள், இயற்கைப் புல்லைவிட சுமார் 28 சதவீதம் அதிகம் என்று 2012 முதல் 2018 வரையிலான கணக்கை வைத்து ஆட்டக்காரர்கள் சங்கம் 2020-ல் சொன்னது. எனவே கூரை இருக்கிறதே என்று தினமும் உள்ளேயே ஓடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. மோசமான நாளுக்கு மட்டும்தான் அது.

ஆக, ஒரு தொழில்முறை அணிக்கு உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் தேவையா? ஜெயிப்பதற்கு என்றால் தேவையில்லை, பெங்கால்ஸ் சாட்சி. வேலைக்கு வருகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப என்றால் தேவை. அது சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, இரவலாக இருக்கலாம், கூட்டாக இருக்கலாம். ஆனால் அரைகுறையாக மட்டும் இருக்கக் கூடாது. வெட்டவெளியில் நிற்பவன் கருமேகத்தைப் பார்த்ததும் ஓடிவிடுவான். கூரைக்குக் கீழே நிற்பவன் மேலே பார்ப்பதே இல்லை, யாரோ கணக்குப் போட்டுச் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள் என்று நம்புகிறான்.

அந்த நம்பிக்கைக்கு பாலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் இடம்?