மூச்சுக்கு ஓர் அவகாசம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எங்கள் தம்பி படுத்திருந்தான். அவனது தொடையிலிருந்து புறப்பட்ட ஒரு குழாய், கட்டிலருகே நின்ற கருவிக்குள் நுழைந்தது. கருவியிலிருந்து வெளிவந்த இன்னொரு குழாய் அவனது கழுத்துச் சிரையில் சென்று முடிந்தது. முதற்குழாயில் ஓடிய குருதி நாவற்பழச் சாற்றின் நிறத்தில் இருந்தது. இரண்டாவதில் ஓடியது செம்பருத்தியின் நிறத்தில். 2018ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், அவனுக்கு மூத்தவர்களான நாங்கள் மூவரும் 19 நாட்கள் இந்த இரு நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது இன்ஃபுளூயன்சா என்று தெரிவதற்குள் அவனது நுரையீரல் இரண்டும் நீர் கோத்துக்கொண்டன. செயற்கைச் சுவாசக் கருவி எவ்வளவு அழுத்தித் தள்ளியும் பிராணவாயு குருதியில் கலக்கவில்லை.

‘எக்மோ’ என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2016 டிசம்பரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் இறுதி மணிநேரங்களில்தான் அந்தச் சொல் முதன்முதலாக எங்கள் காதில் விழுந்திருந்தது. பின்னர் 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மறைவுக்கு முந்தைய வாரங்களில் அதே சொல் மீண்டும் நாளிதழ்களை நிறைத்தது. தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் அதைச் சாவுக்கு முந்தைய சொல்லாகவே அறிந்திருக்கிறோம்.

“இது குணப்படுத்துற மெஷின் இல்லம்மா. நுரையீரல் வேலைய இது செய்யும், அதுவரைக்கும் நுரையீரல் ஓய்வெடுக்கும். அவ்வளவுதான்” என்றார் மருத்துவர் அம்மாவிடம். அம்மா சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “எங்க மூச்ச எடுத்து அவனுக்குக் குடுக்க முடியாதா டாக்டர்?” அவர் பதில் சொல்லவில்லை. அறியாமையின் கேள்வி என்று நாங்களும் தலைகுனிந்தோம். அவ்வாறு தலைகுனிந்தது தவறு என்பது, பின்னாட்களில் இக்கருவியின் வரலாற்றைத் தேடி வாசித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

*

அந்த வரலாறு தொடங்குவதும் ஓர் இரவுக் காத்திருப்பில்தான். 1930களின் தொடக்கம்; அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. பித்தப்பை அறுவைக்குப் பின் தேறிவந்த ஒரு பெண்ணின் நுரையீரல் தமனியைக் குருதிக்கட்டி ஒன்று அடைத்துவிட்டது. ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர் இரவு முழுவதும் அவளருகே அமர்ந்து, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் குருதியழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். காலையில் நிலைமை கைமீறவே, தலைமை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் ஏழு நிமிடங்களுக்குள் மார்பைத் திறந்து கட்டிகளை அகற்றினார். அவள் பிழைக்கவில்லை. அவளது கறுத்துப்போன குருதியைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, பிராணவாயுவைச் சேர்த்து, கரியமிலவாயுவை நீக்கி மீண்டும் உடலுக்குள் செலுத்த முடிந்திருந்தால் என்ற எண்ணம் அந்த இரவில்தான் கிப்பனுக்குத் தோன்றியது.

பலர் அதை வீண்முயற்சி என்றனர். அவரோடு நின்றவர் ஆய்வக உதவியாளராக இருந்து அவரது மனைவியான மேரி ஹாப்கின்சன். பரிசோதனைக்கான பூனைகளைப் பிடிக்க, கையில் சாக்குப்பையும் சூரை மீன் துண்டுமாகக் கிப்பன் இரவில் பாஸ்டன் தெருக்களில் அலைந்ததுண்டு. 1935இல், நுரையீரல் தமனியை முற்றிலும் அடைத்த நிலையில் ஒரு பூனையை அவர்களது கருவி உயிரோடு வைத்திருந்தது. அங்கிருந்து மனித உடலை எட்ட மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயச் சுவரிலிருந்த துளையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் அவளது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் கருவியே முழுமையாகச் செய்தது. அவள் நலமாக வீடு திரும்பினாள்.

வெற்றியோடு கதையை முடிப்பதுதான் நம் வழக்கம். ஆனால் அதே ஆண்டில் அடுத்து அக்கருவியில் இணைக்கப்பட்ட இரண்டு சிறுமிகள் இறந்தனர். இருபதாண்டுக்கு மேலான உழைப்பைக் கையில் வைத்திருந்த அந்த மனிதர், அதைக்கொண்டு தாம் அறுவை செய்வதை நிறுத்திக்கொண்டார். வேறு கைகள் அக்கருவியை மேம்படுத்தி முன்னெடுத்துச் சென்றன. இந்த நிறுத்தத்தைப் பற்றிய வரிகளை எங்களால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

அம்மாவின் கேள்விக்கு விடை 1954இல் கிடைத்திருந்தது. மார்ச் 26 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹை ஒரு வயதுக் குழந்தையின் இதயத்தைத் திறந்தபோது, பக்கத்து மேசையில் அதன் தந்தை மயக்கநிலையில் படுத்திருந்தார். குழந்தையின் கறுத்த குருதி குழாய் வழியே தந்தையின் உடலுக்குள் சென்றது. அவரது நுரையீரலில் சிவந்து குழந்தைக்குத் திரும்பியது. தந்தையே செயற்கை நுரையீரலாகக் கிடந்தார். அக்குழந்தை 11 நாட்களுக்குப் பின் நிமோனியாவால் இறந்தது. ஆயினும் அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை இம்முறையில் அறுவை செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். ஓர் அறுவையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைப்பதா என்ற கண்டனம் எழாமலில்லை. குருதி தந்தவர்கள் எவரும் இறக்கவில்லை எனினும், ஒரு தாய் மூளைப் பாதிப்புக்கு உள்ளானார். அம்மா கேட்டது அறியாமையால் அல்ல. பெற்றவர்கள் மேசைமேல் படுத்து அந்தக் கேள்விக்குத் தம் உடலையே விடையாகத் தந்திருக்கிறார்கள்.

நுரையீரலைப் போலச் செய்வது ஏன் இவ்வளவு கடினம்? நமது நுரையீரலின் காற்றறைகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஒரு சிவப்பணு அங்கே தங்குவது ஒரு நொடிக்கும் குறைவாக. தொடக்ககாலக் கருவிகளில் குருதி பிராணவாயுவை நேரடியாகத் தொட்டது. சில மணிநேரத்தில் அணுக்கள் சிதைந்தன. இடையில் ஒரு சவ்வு தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிய வில்லெம் கோல்ஃப், செலோஃபேன் குழாய்க்குள் ஓடும் குருதி காற்றின் அருகாமையிலேயே சிவப்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து சவ்வு நுரையீரலும், சிலிக்கோன் சவ்வுகளும், இன்றைய நுண்துளை இழைகளும் வந்தன. தம்பியின் கட்டிலருகே இருந்த கருவியின் இழைகள் எல்லாம் சேர்ந்தும் இரண்டு சதுர மீட்டர் பரப்பு அளவே இருக்கும். குருதி அவற்றுக்குள் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேண்டும். ஹெப்பாரின் இருந்தால் உடல் வேறெங்காவது கசியத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஒவ்வொரு நாளும் கழிந்தது.

சவ்வு வந்தபின் மணிநேரங்கள் நாட்களாயின. 1971இல் டொனால்ட் ஹில்லின் குழு, விபத்தில் சிக்கிய 24 வயது இளைஞர் ஒருவரை 75 மணிநேரம் கருவியில் வைத்துக் காப்பாற்றியது. 1975இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளம் சிசுவைப் பிழைக்க வைத்தார். அவளுக்குச் செவிலியர் இட்ட பெயர் எஸ்பெரான்சா; ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். ஆனால் 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கடும் நுரையீரல் செயலிழப்புக்கு உள்ளான 90 பெரியவர்களிடம் இக்கருவியைச் சோதித்துப் பார்த்து, கருவி இருந்தும் இல்லாமலும் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று சொன்னது. 1996இன் பிரிட்டன் ஆய்வு 185 சிசுக்களைப் பற்றியது. கருவியுள்ள மையங்களுக்கு அனுப்பப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர். மீண்டெழக்கூடிய நுரையீரலுக்கே அவகாசம் பயன்படும் என்று நாங்கள் இதைப் புரிந்துகொண்டோம். மீளுமா மீளாதா என்பதைக் கருவி முன்கூட்டிச் சொல்வதில்லை.

*

பதினெட்டாம் நாள் மருத்துவர்கள் எங்களை அழைத்தனர். தம்பியின் நுரையீரல் வடுக்களாக இறுகிவிட்டதென்றும், மாற்று நுரையீரல் பொருத்தும் நிலையில் அவன் உடல் இல்லையென்றும், மூளையில் கசிவு தொடங்கிவிட்டதென்றும் விளக்கினர். ஒரு தாள் எங்கள் முன் வைக்கப்பட்டது. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை நாங்கள் மூவரும் கையெழுத்திட்டோம்.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், அவனது மூச்சை நிறுத்தியவர்கள் நாங்களே என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை. நாங்கள் மூவரும் சந்திக்கும்போது அந்தக் காலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கிப்பன் தம் கருவியை விட்டு விலகிய வரிகளை எங்களால் கடந்துபோக முடியாததற்கு இதுவே காரணம். அந்தக் கருவி எப்போதும் அவகாசத்தை மட்டுமே தந்தது. தம்பிக்கு அது 19 நாட்கள் தந்தது. அந்நாட்களில் அம்மா அவனது உள்ளங்காலைத் தடவிக்கொடுத்தாள். அண்ணன் ஏழாண்டுக் கோபத்தை விட்டு அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். அவகாசம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது மட்டுமே நாங்கள் செய்தது. இதை எழுதும்போதும் இந்த வாக்கியத்தை நாங்கள் முழுமையாக நம்பிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

முதலில் கருவிக்குச் செல்லும் வாயுவை மூடினார்கள். குருதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செம்பருத்தி நிறத்தில் இருந்த இரண்டாவது குழாய் மெல்ல மெல்லக் கறுத்தது. சிறிது நேரத்தில் இரு குழாய்களுக்கும் ஒரே நிறம். தலைமாட்டில் நின்ற செவிலி, அழைப்பொலிகள் அணைக்கப்பட்ட பிறகும், தம்பியின் நாடித்துடிப்பைத் தாளில் குறித்துக்கொண்டேயிருந்தார்.