ஏனுங்க... ஒரு ரீவேல்யூவேஷன் போடலாமுங்களா?

செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் நாம என்ன பண்ணுவோம்? சந்தேகமா இருக்குற பேப்பருக்கு ரீவேல்யூவேஷன் போடுவோம். சினிமாவுக்கு மட்டும் ஏன் பாஸ் அப்படி ஒரு சிஸ்டம் இல்லை? முதல் நாள், முதல் ஷோ, விசில் சத்தத்துக்கு நடுவுல போட்ட மார்க்தான் கடைசி வரைக்கும் ஃபைனல்! அதனால நானே சில பேப்பரை எடுத்துத் திருத்தலாம்னு உட்கார்ந்துட்டேன். மூணு படம், ஒரு சீரியல். படம் மூணும் நம்ம கொங்கு பக்கம். சீரியல், எல்லார் வீட்டு ஹால்லயும் ஓடினது. திட்டணும்னா தாராளமா திட்டிக்குங்க. ஆனா, முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க!

முதல் பேப்பர், 'குடும்பஸ்தன்'. 2025 ஜனவரி 24-ல ரிலீஸ். நம்ம கோவை 'நக்கலைட்ஸ்' டீம்ல இருந்து போன ராஜேஷ்வர் காளிசாமி இயக்கின படம். வேலை போனதை வீட்டுல சொல்லாம, கடனுக்கு மேல கடன் வாங்கிச் சமாளிக்கிற பையனா மணிகண்டன். செம ஃபிட்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதுல வர்ற நம்ம பாஷை. சினிமால கொங்குத் தமிழுக்குப் பெரும்பாலும் ரெண்டே வேலைதான். ஒண்ணு, 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) மாதிரி தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு ஊருக்கு நியாயம் சொல்றது. இல்லாட்டி, காமெடி. 'சதி லீலாவதி'யில (1995) கமலும் கோவை சரளாவும் பேசினதைக் கேட்டு இன்னிக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். தப்பில்லை, அது தூள் படம். ஆனா, மாசக் கடைசியில கையைப் பிசையுற ஒரு சாதாரண பையன், சும்மா பேசுற பாஷையா அது வந்தது 'குடும்பஸ்தன்'லதான். தியேட்டர்ல ஜனங்க அவன் நிலைமைக்குத்தான் சிரிச்சாங்க, அவன் இழுத்துப் பேசுறதுக்கு இல்லை. பெரிய விஷயமுங்க இது!

அப்புறம் ஏன் மார்க் குறைக்கிறேன்? படத்தோட ஆரம்பமே சாதி மாறின பதிவுத் திருமணம். ரெண்டு வீட்டு ஆளுங்களும் கத்துறாங்க, நாம சிரிக்கிறோம். கொஞ்ச நேரத்துல கதை பணப் பிரச்னைக்குப் போயிடுது. நிஜத்துல என்ன நடந்துச்சு? 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகல்ல, சங்கரை வெட்டிக் கொன்னாங்க. வேற சாதியைச் சேர்ந்த கௌசல்யாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுதான் காரணம். சங்கர் நம்மளை மாதிரியே இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். இது நடந்தது நம்ம ஊருக்குப் பக்கத்துல.

காமெடியா எடுத்ததைக் குத்தம் சொல்லலை. அப்படிக் கல்யாணம் பண்ணின ரெண்டு பேரும் உயிரோட இருந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, கடன் கட்டுறாங்கன்னு காட்டினதே சந்தோஷம்தான். ஆனா, அந்தப் பயத்துக்கு ஒரே ஒரு சீன் ஒதுக்கியிருக்கலாம். 80 மார்க்.

ரெண்டாவது, 'சேத்துமான்'. பார்த்தவங்க கை தூக்குங்க பார்ப்போம்... அவ்வளவுதானா? பெருமாள்முருகனோட 'வறுகறி' சிறுகதையை வெச்சு தமிழ் இயக்கி, பா.இரஞ்சித் தயாரிச்சது. 2022-ல நேரா ஓ.டி.டி-க்கு வந்துச்சு. அப்பா, அம்மா இல்லாத பேரனை எப்படியாவது படிக்க வெச்சுடணும்னு பாடுபடுற தாத்தா பூச்சி. பன்னிக்கறி மேல ஆசைப்படுற பண்ணைக்காரர் வெள்ளையன். அந்த வெள்ளையனா நடிச்ச பிரசன்னா பாலச்சந்திரனும் நக்கலைட்ஸ் ஆளுதான். 'குடும்பஸ்தன்' எழுதினதுலயும் அவருக்குப் பங்கு உண்டு. ரெண்டு படத்துலயும் அதே பாஷை, அதே 'ங்க'. ஆனா, இங்கே அந்த 'ங்க' கீழே இருந்து மேலேதான் போகுது. திரும்பி வர்றது வெறும் பேரு மட்டும்தான். படம் கொஞ்சம் மெதுவா நகரும், உண்மை. ஆனா, பாதியில எந்திரிச்சுப் போகத் தோணாது. 90 மார்க்.

மூணாவது, 'மாமன்னன்'. 2023 ஜூன் 29. சேலம் பக்கத்துக் கதை. மாரி செல்வராஜ் வடிவேலுவை எம்.எல்.ஏ. ஆக்கி, ஆனா ரத்னவேலு வீட்டு ஆளுங்க முன்னாடி உட்கார முடியாத மனுஷனா நிக்க வெச்சாரு. இடைவேளை வரைக்கும் பக்பக்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் எலெக்‌ஷன், துரத்தல்னு இழுவை. கீர்த்தி சுரேஷுக்குச் செய்ய ஒண்ணுமே இல்லை. 75 மார்க்.

மேட்டர் அதுக்கப்புறம்தான். படம் ஓ.டி.டி-க்கு வந்த உடனே, ஃபகத் ஃபாசில் நடிச்ச வில்லன் ரத்னவேலு சீனையெல்லாம் வெட்டி, பின்னாடி சாதிப் பெருமைப் பாட்டை ஓட விட்டு, செல்போன் செல்போனா சுத்த விட்டாங்க. எந்தத் திமிரை எதிர்த்து எடுத்தாங்களோ, அதுக்கே மாலை மரியாதை!

சீரியல் பக்கம் வாங்க. சன் டி.வி. 'எதிர்நீச்சல்', 2022-ல இருந்து 2024 வரைக்கும் ஓடினது, திருச்செல்வம் இயக்கினது. படிச்ச மருமகள்களை வீட்டுக்குள்ள அடக்கி வெக்கிற ஆதி குணசேகரனா மாரிமுத்து பின்னி எடுத்தாரு. 2023 செப்டம்பர்ல அவர் இறந்தப்போ எல்லார் வீட்டுலயும் வருத்தம். நடிப்புக்கு 100-க்கு 100. ஆனா, சுத்தினது எது? வீட்டுப் பொண்ணுங்களை அவர் அதட்டுற கிளிப்தான். அந்தப் பொண்ணுங்க திருப்பிக் கேள்வி கேட்ட சீனை எனக்கு யாருமே ஃபார்வர்ட் பண்ணலை. உங்களுக்கு வந்துச்சா?

"சும்மா ஜாலிக்குடா மச்சான்! நடிப்பைத்தானே ரசிக்கிறோம்?"னு என் ஃப்ரெண்ட் கேட்டான். நியாயமான கேள்வி. நடிப்புதான்னா, வாயைத் திறக்காம கண்ணாலயே அழுத வடிவேலுவும் அதே அளவுக்கு ஸ்டேட்டஸ்ல வந்திருக்கணுமே? வரலை. நடிப்புக்குக் கை தட்ட சாதிப் பாட்டு எதுக்கு?

நம்ம ஊருக்காரங்களுக்கு ஒரு பெருமை உண்டு. "மரியாதைன்னா கோயம்புத்தூர்தானுங்க"ன்னு எங்கே போனாலும் சொல்லிக்குவோம். எனக்கும் அந்தப் பெருமை இருக்கு. ஆனா, இந்தப் படங்களைத் திருப்பிப் பார்த்தப்போ ஒண்ணு புரிஞ்சுது. 'வாங்க'ன்னு சொல்ல நாக்கு போதும். 'உட்காருங்க'ன்னு சொல்ல ஒரு நாற்காலியை எடுத்துப் போடணும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் போடுறாங்களான்னு உங்க ஊர்ல நீங்களே பார்த்துக்குங்க.

அடுத்த தடவை ஒரு வில்லன் கிளிப் வந்தா, ஃபார்வர்ட் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ரெண்டே செகண்ட் யோசிங்க. உங்க கிளாஸ் குரூப்புல இருக்குற அறுபது பேர்ல, தாத்தாவோ அப்பாவோ அப்படி நின்னுக்கிட்டே இருந்த வீட்டுல இருந்து வந்தவங்களும் இருப்பாங்க. அவங்க சண்டைக்கு வர மாட்டாங்க. ஒரு ஸ்மைலி போட்டுட்டு அமைதியா இருந்துடுவாங்க. அந்த ஸ்மைலியை நம்பி மார்க் போட்டுடாதீங்க பாஸ்!