லாரியின் ஜாதகம்

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டையைப் பார்ப்பார்கள், ஆஞ்சநேயரைச் சேவிப்பார்கள். நாமோ லாரிப் பட்டறைகளைப் பார்க்கப் போனோம். வெறும் சேஸிஸுக்குப் பாடி கட்டி, வர்ணம் தீட்டி அனுப்புவதில் அவ்வூரார் நாடெங்கும் பெயர் பெற்றவர்கள் அல்லவா?

ஒரு பட்டறை மூலையில், பெட்ரோல் பங்கில் உழைத்து ஓய்ந்த லாரி ஒன்று நின்றது. கதவில் மங்கலாக 'பர்மா ஷெல்' என்ற எழுத்துக்கள்! 1928-இல் தோன்றிய அக்கம்பெனி 1976-இல் அரசாங்கத்தின் வசமாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் எனப் பெயர் பெற்றது. ஆகவே அவ்வெழுத்து அதற்கு முந்தியதாகவே இருக்கவேண்டும். வண்டியின் ஜாதகமே அதுதான்.

"சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால் பளபளக்கும், ஸார்!" என்றார் மேஸ்திரி.

பளபளக்கும், வாஸ்தவந்தான். ஆனால் ஜாதகத்தைச் சுரண்டிய பிறகு வயதை யாரிடம் கேட்பது? கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுகிறவர்களைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. லாரிக்கு மட்டும் வேறு நியாயமா?

உப்புத்தாள் வேண்டாம். தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, ஈரம் போக்கி, துருவில் இலேசாக எண்ணெய் தடவி, கூரையின் கீழ் நிறுத்தினால் போதும். புது வர்ணம் என்றைக்கும் பூசலாம். பழைய வர்ணத்தை ஒரு முறைதான் இழக்க முடியும்.