தோல் நிறக் கையுறை

போன டிசம்பரில் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். 11 வயதுப் பேரன் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது உடுப்பு இல்லை, ஒரு பேஸ்பால் கையுறை. "தாத்தா, போட்டுப் பாருங்க" என்று என் இடது கையில் மாட்டிவிட்டான். புதுச் செருப்புக் கடை வாசனை அடித்தது. கை உள்ளே போய்க் காணாமலே போய்விட்டது. சிறுவர்களுக்கான அளவுதான் என்றான். எனக்கோ முறத்தைக் கையில் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

நம் கிரிக்கெட்டில் பந்து தடுக்கிறவர்களில் விக்கெட் கீப்பர் மட்டும்தான் கையுறை போடலாம். பேஸ்பாலில் 9 பேரும் போட்டிருப்பார்கள். பந்தும் பெரிய கனமில்லை. 5 முதல் 5¼ அவுன்ஸ்தான். கிரிக்கெட் பந்து அதைவிடச் சற்றுக் கனம். "பிறகு எதற்கு இவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து பழைய ஆட்டக்காரர்களின் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இவங்க கையைப் பாருங்க, இவங்க கையைப் பாருங்க" என்று வேகமாக விளக்க ஆரம்பித்தான்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இரண்டு காதும் மந்தம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினும் வாங்கினேன். கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, "வெளியே தெரியாத கலரில் இருக்கிறதா?" என்பதுதான். தோல் நிறத்தில் கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போனேன். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என் காதையே பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அது மேசை டிராயருக்குள் போயிற்று. "என்னங்க, அவ்வளவு காசு போட்டு வாங்கினது" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

பேரன் திடீரென்று நிறுத்தி, "தாத்தா, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பை மெல்ல மூடிவிட்டுப் பாட்டியிடம் போய்விட்டான். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன். போட்டோ பார்க்கக் காது வேண்டாமே! அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமுள்ள பழைய கண்ணாடி நெகட்டிவ்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அவன் காட்டிய வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனேன். கூடவே வாசிக்கவும் செய்தேன்.

1880-களின் கடைசியில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த சின்ன அட்டைப் படங்கள் இருக்கின்றன. எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்தவை. பின்னால் வரைந்த திரை. ஆட்டக்காரர் கையை நீட்டிப் பந்தைப் பிடிக்கப் போகிறார். பந்து எங்கிருந்தும் வரவில்லை, கூரையிலிருந்து நூலில் தொங்குகிறது! சில படங்களில் நூலே தெரிகிறது. நம் ஊர் ஸ்டுடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன் நின்று எடுத்துக்கொண்டவர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். அந்தப் படங்களில் பலர் வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள்.

வெறுங்கை ஆட்டக்காரர்களில் கடைசி ஆள் என்று சொல்லப்படுகிறவர் பிட் மெக்ஃபீ. 1882 முதல் சின்சினாட்டி அணிக்கு ஆடியவர். உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து உரமேற்றிக்கொள்வாராம். மற்றவர்கள் எல்லாம் கையுறைக்கு மாறிய பிறகும் இவர் மாறவில்லை. 1896-இல் விரலில் அடிபட்டதும்தான் இறங்கி வந்தார். போட்டுக்கொண்ட அந்த வருடமே பிழையில்லாமல் தடுப்பதில் தன் இடத்து ஆட்டக்காரர்களுக்குள் சாதனை படைத்தார். அதற்கு முன் ஆடிய 14 வருடத்தை நினைத்து அன்று அவர் மனம் என்ன பாடுபட்டதோ!

1900-க்குப் பிறகு வந்த படங்களில் எல்லார் கையிலும் கையுறை வந்துவிடுகிறது. ஆனால் இன்றைய முறம் இல்லை. தேள் கொட்டி வீங்கிய கை மாதிரி இருக்கிறது. விரல்கள் தடித்துத் தனித்தனியாக நிற்கின்றன. சார்ல்ஸ் கான்லன் என்பவர் எடுத்த படங்களில் தோலின் சுருக்கம்கூடத் தெரிகிறது. அவர் தொழில்முறைப் படக்காரர் இல்லை என்று அறிந்தபோது எனக்குத் தனிச் சந்தோஷம். நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர். எழுத்துப் பிழை பார்க்கிற கண்ணால் 1904 முதல் ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறார். கோப்புகளில் கமாவும் புள்ளியும் தேடியே கண்ணைக் கெடுத்துக்கொண்ட எனக்கு அவர் உறவுக்காரர் போலத் தோன்றினார்.

பேரனிடம் நான் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பந்து வீச்சாளர் பில் டோக், 1919-இல் ராலிங்ஸ் கம்பெனியிடம் ஒரு யோசனையோடு போனார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரால் வலை மாதிரிப் பின்ன வேண்டும் என்பதுதான் யோசனை. அதுவரை கையுறை உள்ளங்கைக்கு மெத்தை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பந்து உள்ளங்கையில் மோதாமல், பக்கத்தில் உண்டான பையில் போய் விழுந்தது. கையைக் காப்பாற்ற வந்தது பந்தைப் பிடிக்கிற கருவியாகிவிட்டது. பிறகு பெரிதாகாமல் என்ன செய்யும்?

இதற்கெல்லாம் முந்தைய கதை ஒன்றைக் கடைசியாகத்தான் வாசித்தேன். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த நாளில் பெயர் பெற்ற பந்து வீச்சாளர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பின்னாளில் விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர். 1911-இல் தான் எழுதிய புத்தகத்தில் ஒரு நினைவைச் சொல்கிறார். 1875-இல் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ்காரர் சார்ல்ஸ் வெயிட் ஒரு மெல்லிய தோல் கையுறையோடு நின்றாராம். ஸ்பால்டிங்கின் கையும் புண்ணாகித்தான் இருந்தது. அதனால் பக்கத்தில் போய் விசாரித்திருக்கிறார். இதைப் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் தோல் நிறத்தில் தேடி எடுத்தேன் என்றாராம் வெயிட்.

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். 150 வருடத்துக்கு முன் பாஸ்டன் மைதானத்தில் நின்ற ஒருவர், என் கடைக் கேள்வியை எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

வெட்கம் ஏன் என்பதும் எனக்கு விளங்காமல் இல்லை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'கான்' என்றால் கையுறை என்று படித்தபோது என் மனத்தில் வந்தது தொப்பி வைத்த சீமாட்டியின் வெள்ளைக் கைதான். உழைக்கிறவன் கையில் கையுறைக்கு என்ன வேலை என்பது பாஸ்டனிலும் இருந்த எண்ணம்தான் போலிருக்கிறது. ஸ்பால்டிங்கே சீமான்கள் கூட்டத்தில் சேரத் தயங்கியதாகக் கேலியாக எழுதுகிறார். கை வலித்துக்கொண்டே இருந்தும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். 1877-இல்தான் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் தோல் நிறத்தில் எடுக்கவில்லை. பளிச்சென்று தெரியும்படி கறுப்புக் கையுறை!

அவர் இரண்டு வருடம். நானும் இரண்டு வருடம்.

1950 வாக்கில் எடுத்த சில படங்களில் புல்வெளியில் கையுறைகள் கிடக்கின்றன. முதலில் ஏதோ தவறி விழுந்தது என்று நினைத்தேன். அப்போது அதுதான் வழக்கமாம். தங்கள் அணி மட்டை பிடிக்கப் போகும்போது கையுறையை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எதிரணி அதைத் தாண்டித் தாண்டி ஆடும். 1954-இல்தான் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று விதி வந்தது. கண்ணில் படக்கூடாது என்று வெயிட் நினைத்த பொருள், 80 வருடத்துக்குள் ஊர் பார்க்கப் புல்லில் கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் டிராயரைத் திறந்தேன். பாட்டரி தீர்ந்திருந்தது. நேரு வீதிக்குப் போய் வாங்கி வந்து மாட்டிக்கொண்டேன். குழாய்த் தண்ணீரும் சமையலறைப் பாத்திரமும் அருவி மாதிரி இரைந்தன. மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் காபியை வைத்துவிட்டுப் போனாள்.

பேரனை மாடிக்குக் கூப்பிட்டு, "நேற்றுச் சொன்னதை மறுபடி சொல்லுடா, நான் சரியாகக் கேட்கவில்லை" என்றேன். பந்தைக் கையுறைக்குள் தட்டித் தட்டிப் பிடித்துக்கொண்டே சொன்னான். டப், டப் என்று அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்டது. டோக் கதை அவனுக்குத் தெரிந்திருந்தது. வெயிட் கதை தெரியவில்லை. நான் சொன்னேன்.

"கை வலிச்சா போட்டுக்க வேண்டியதுதானே தாத்தா, அதுக்கு ஏன் வெட்கம்?" என்றான். என் காதை அவன் பார்க்கக்கூட இல்லை.

இப்போது தினமும் மாட்டிக்கொள்கிறேன். கூட்டத்தில் இரைச்சல்தான், சில நேரம் விசில் அடிக்கிறது, பழகிக்கொண்டு வருகிறேன். டிராயரில் பூட்டி வைத்திருக்கும் நண்பர்கள் இன்னும் சிலர் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும்தான் இதை எழுதினேன். அடுத்த மெஷின் வாங்கும்போது கறுப்பில் கிடைக்குமா என்று கேட்பதாக இருக்கிறேன்.